அஞ்சலைக்கு இரண்டு அட்டைகள்

சென்ற மாதம் எங்கள் நெஞ்சக நிலையத்தில் ஒரு கூட்டம் நடந்தது. நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. இருந்தாலும் பழைய ஆள் என்று கூப்பிட்டிருந்தார்கள். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இருக்கும் எங்கள் இரண்டு நிலையங்களையும் கம்ப்யூட்டரில் இணைக்கப் போகிறார்களாம். ஒரு நோயாளிக்கு இங்கே என்ன மருந்து கொடுத்தோம், எத்தனை நாள் கொடுத்தோம் என்பதை அங்கே இருக்கும் டாக்டரும் நர்சும் மருந்து கொடுப்பவரும் அந்த நிமிடமே பார்த்துக்கொள்ளலாம். நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

மருந்துப் பிரிவில் வேலை செய்யும் ஒரு தம்பி எழுந்தார். "நம்ம பேஷண்ட் இன்னா மாத்திரை சாப்புடுறாருன்னு அவங்க எதுக்கு சார் பாக்கணும்? எல்லாத்தையும் டைப் அடிச்சுக்கினு இருந்தா வேலைய எப்ப பாக்குறது? சும்மா பேஜாரு சார்" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். இரண்டு பேர் கை தட்டினார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வாயால் சொல்லாமல் விட்டதைக் கையால் எழுதுகிறேன். அந்தத் தம்பி படித்தால் சரி.

நான் மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இருபத்திரண்டு வயதில் திண்டிவனம் நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். காசநோய்க்கு மருந்து கொடுக்கும் இடம் அது. நடத்தியது ஒரு தர்ம ஸ்தாபனம்; பெயர் வேண்டாம். ஊசி, சிரிஞ்சு எல்லாவற்றையும் அவித்து எடுப்பது என் வேலை. அந்தக் காலத்தில் ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் ஊசி கிடையாது. கண்ணாடி சிரிஞ்சுதான். தண்ணீர் கொதித்த பிறகு இருபது நிமிடம் கணக்கு. ஊசியின் துளையில் மெல்லிய கம்பி விட்டு எடுக்க வேண்டும், முனை மழுங்கினால் கல்லில் தீட்ட வேண்டும். மூன்று மாதத்தில் எல்லாம் பழகிவிட்டது. அதைப் பற்றி எழுத அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

எழுத வேண்டியது அட்டையைப் பற்றி.

ஒவ்வொரு நோயாளிக்கும் மஞ்சள் நிறத்தில் ஒரு அட்டை உண்டு. இரண்டாக மடித்திருக்கும். முன்பக்கம் பெயர், வயது, ஊர், மருந்தின் பெயர். உள்ளே மாதத்துக்கு ஒரு வரிசை, நாளுக்கு ஒரு கட்டம். ஊசி போட்டால் சிவப்பு மையில் ஒரு கோடு, மாத்திரை விழுங்கினால் நீல மையில் ஒரு கோடு. மேஜை மேல் முப்பத்தொரு அறைகள் கொண்ட மரப்பெட்டி ஒன்று இருக்கும். இன்று வர வேண்டியவர்களின் அட்டை இன்றைய அறையில் நிற்கும். வந்து போட்டுக்கொண்டால் அட்டை நாளைய அறைக்கு நகரும். வராதவரின் அட்டை அங்கேயே நிற்கும். மூன்று நாள் நின்றால் கார்டு எழுதும் கிளார்க் ஒரு தபால் அட்டை போடுவார். ஒரு மாதம் நின்றால் மேலே சிவப்பு மையில் 'விலகியவர்' என்று எழுதி, வேறொரு பெட்டியில் போட்டு அலமாரியில் ஏற்றிவிடுவார்.

அந்த ஆள் ஏன் வரவில்லை, செத்தாரா, வேறு ஊருக்குப் பிழைக்கப் போனாரா என்று யாரும் கேட்டதில்லை. 'விலகியவர்' என்ற ஒரு சொல் போதும். குற்றம் அவருடையது ஆகிவிடும்.

அந்த அட்டை நிலையத்தை விட்டு வெளியே போகாது. நோயாளியிடம் கொடுப்பது விரல் நீளத்துக்கு ஒரு சீட்டு. அதில் நிலையத்தின் பெயரும் அவருடைய நம்பரும் அடுத்து வர வேண்டிய தேதியும் மட்டும் இருக்கும். எத்தனை ஊசி போட்டோம், என்ன மருந்து போட்டோம், ஒன்றும் இருக்காது. தன் உடம்புக்குள் என்ன போயிருக்கிறது என்று அந்த உடம்புக்காரருக்கே தெரியாது. கேட்டால், "உனக்கு இன்னாத்துக்கு அது? படிக்கப் போறியா?" என்பார்கள். இந்தப் பதிலை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டு சும்மா ஊசி அவித்திருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம், வல்லம் பக்கத்திலிருந்து அஞ்சலை என்று ஒரு அம்மா வந்தார். முப்பது வயது இருக்கும். கூலி வேலை. காலை முதல் பஸ்ஸில் வந்து வரிசையில் முதலில் நிற்பார். வரிசையே கலகலவென்று ஆகிவிடும். அத்தனை பேச்சு. நான் தலை நிமிராமல் அடுப்படியில் நிற்பதைப் பார்த்தால் அவருக்கு வேடிக்கை.

"இன்னா அண்ணே, இந்த ஊசிய இம்மா நேரம் அவிக்கிற! எங்கூட்டு மல்லாட்டைகூட அதுக்குள்ள வெந்துடும்."

வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். நான் சிரிப்பதோடு சரி.

"வாயத் தொறந்து பேசு அண்ணே. காசா கேட்டுட்டேன்?"

அவருக்கு எழுதியது ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. தினம் ஒன்று, மொத்தம் தொண்ணூறு. கூடவே ஒன்றரை வருடத்துக்கு மாத்திரை. அந்த ஊசி நல்ல மருந்துதான். எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்தது. ஆனால் அளவு மீறினால் காதைத் தின்றுவிடும். இது டாக்டருக்கும் தெரியும், நர்சுக்கும் தெரியும். கேட்டுக் கேட்டு எனக்கும் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு சிவப்புக் கோடு.

ஒருநாள் அஞ்சலையின் அட்டை நகரவில்லை. மூன்று நாள் நின்றது, ஒரு மாதம் நின்றது. சிவப்பு மை ஏறியது. அலமாரிக்குப் போனது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் கழித்து என்னை விழுப்புரம் நிலையத்துக்கு மாற்றினார்கள். அங்கே இருந்த உதவியாளர் வேலையை விட்டுப் போயிருந்தார்.

விழுப்புரம் நிலையத்தின் கண்காணிப்பாளர் தணிகாசலம் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். கோபமே வராத மனிதர். யாரையும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டை, பையில் மூடி போட்ட பேனா. மேஜை மேல் ஒரு அடிக்கோல் எப்போதும் இருக்கும். நோயாளிகளின் அட்டைகளை விரலால் தொட மாட்டார். அடிக்கோல் நுனியால் நகர்த்தித் திருப்பிப் பார்ப்பார். யார் எதைச் சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே முழுதாகக் கேட்பார். பிறகு, "நீ சொல்றது சரிதான்" என்பார். சொல்கிறவனுக்கு மனசு நிறைந்துவிடும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஆனா முறைன்னு ஒன்னு இருக்குல்ல?" என்பார். அதோடு முடிந்தது. கத்துகிற அதிகாரியிடம் எதிர்த்தாவது நிற்கலாம். நம்மைச் சரி என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்துகிறவரிடம் என்ன செய்வது? அவர் மேல் எனக்குக் கோபம் வரவே பல மாதம் ஆயிற்று. வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அங்கே நான் போன முதல் நாள். ஊசி அறையில் ஸ்டெல்லா சிஸ்டர் வரிசையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றது அஞ்சலை.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கண்ணாலேயே வேண்டாம் என்று சொன்னார். நான் குனிந்துகொண்டேன். ஊசி முடிந்து அவர் வெளியே போனதும் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் குழாயடிக்குப் போனேன். அவர் அங்கே காத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என்னைத் தெரியும்னு சொல்லிடாத. உன் கால்ல உழறேன்."

"எப்ப வந்தீங்க இங்க?"

"கெணறு வத்திப்போச்சு, வேல இல்ல. எங்க நாத்தனா இங்க பஸ் ஸ்டாண்டுல மல்லாட்டை விக்குது. அதும்கூட வந்துட்டோம். ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்தேன். அப்புறம் இருமனா ரத்தம் வந்துச்சு."

"அங்க ஊசி போட்டத சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? எனுக்கு முன்னாடி ஒரு பெரியவரு நின்னாரு. திண்டிவனத்துல ஊசி போட்டுக்கினு இருந்தேன் சாமின்னு சொன்னாரு. அங்க போயி மாறுதல் காயிதம் வாங்கிக்கினு வான்னு தொரத்தி உட்டாங்க. அந்தாளு அப்புறம் வரவே இல்ல அண்ணே. நானும் அங்க போனா, ஏன்டி இத்தினி நாளு வர்லன்னு திட்டுவாங்க. இங்க வந்தா, காயிதம் எங்கன்னு கேப்பாங்க. அதான் இப்பதாங்க மொதமொத வர்றேன்னு சொல்லிட்டேன்."

அந்தச் சீட்டு எங்கே என்று கேட்டேன். கிழித்துப் போட்டுவிட்டாராம். சீட்டை யாராவது பார்த்துவிட்டால், பஸ் ஸ்டாண்டில் அவர் விற்கும் மல்லாட்டையை யாரும் வாங்கித் தின்ன மாட்டார்கள்.

இது அஞ்சலை சொன்ன பொய் என்று இன்றைக்கும் யாராவது சொல்லலாம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உண்மை சொன்னவருக்கு மருந்து இல்லை, பொய் சொன்னவருக்கு மருந்து உண்டு என்று நாம்தான் அந்த வாசலில் நின்று காட்டினோம். அவர் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

ஏன் துரத்தினார்கள் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. மாதக் கடைசியில் இரண்டு நிலையமும் மேலே கணக்கு அனுப்ப வேண்டும். புதிய நோயாளிகள் எத்தனை பேர் என்பதுதான் முதல் கேள்வி. வேறு நிலையத்திலிருந்து மாறி வந்தவர் புதியவர் கணக்கில் வர மாட்டார். அவரைச் சேர்த்தால் வேலை உண்டு, பெயர் இல்லை. ஆகவே அஞ்சலை திண்டிவனத்தில் 'விலகியவர்', விழுப்புரத்தில் 'புதியவர்'. ஒரே ஸ்தாபனம். இரண்டு இடத்து அட்டையும் ஒரே அச்சகத்தில் அடித்தது. ஒரே வேனில் மருந்து வரும். ஆனால் ஒருத்தர் போட்ட ஊசி மற்றவருக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்குத்தான் பாடுபட்டார்கள் போலிருந்தது.

புது அட்டையில் அன்றைக்குப் பதினான்காவது கோடு. முதலிலிருந்து தொண்ணூறு போடச் சொல்லி எழுதியிருந்தது.

நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த அம்மா காலில் விழுகிறேன் என்றது ஒரு காரணம். புது இடத்தில் வாயைத் திறக்கக் கூச்சம் என்பது அதைவிடப் பெரிய காரணம். அந்த நாட்களை நினைத்தால் மற்றவர்கள் மேல் வருகிற கோபம் என் மேலும் வருகிறது.

பத்தொன்பதாவது ஊசியன்று அஞ்சலை வரிசையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காதுல சில்வண்டு கத்திக்கினே கீது சிஸ்டர். நடந்தா தல சுத்துது. பஸ்ஸு பின்னால வர்றதுகூட சரியா கேக்கல."

அன்று செவ்வாய்க்கிழமை. டாக்டர் வெளியூரிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வருவார். இரண்டு மணி நேரத்தில் அறுபது பேரைப் பார்ப்பார். நல்ல டாக்டர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அஞ்சலையின் அட்டையைப் பிரித்தார். உள்ளே கோடுகளை எண்ணினார். "பத்தொம்பது ஊசிதானே ஆகியிருக்கு? அதுக்குள்ள காதுக்கு ஒன்னும் ஆகாது. சளி அடைச்சிருக்கும்" என்று காதுக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

கதவோரம் நின்று இதைக் கேட்டேன். அட்டையைப் பார்த்து அவர் சொன்னது சரி. அட்டைதான் பொய்.

இரண்டு நாள் கழித்து ஸ்டெல்லா சிஸ்டரிடம் சொன்னேன். ஊசி அறையில் வேறு யாரும் இல்லாத நேரம். அவர் சிரிஞ்சை மேஜையில் வைத்துவிட்டார்.

"எத்தன போட்டாங்க அங்க?"

"நெறைய சிஸ்டர். அறுவதுக்கு மேல இருக்கும்."

"மண்டையில ஏதாச்சும் இருக்காப்பா உனக்கு? ஒரு வாரமா என் மூஞ்சியப் பாத்துக்கினே நிக்கிற! நான் இந்தக் கையால போட்டுக்கினு இருக்கேன். ஜல்தியா வந்து சொல்ல மாட்டே?"

என்னை இழுக்காத குறையாகத் தணிகாசலம் சாரிடம் கூட்டிப் போனார். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே முழுதாகக் கேட்டார்.

"நீ சொல்றது சரிதான் ஏழுமலை. ஆனா அந்தம்மா புதுசுன்னு சொல்லிக் கைநாட்டு வெச்சிருக்கு. நாம நம்ம அட்டையத்தான் நம்பணும். திண்டிவனத்துக்குப் படிவம் அனுப்பிக் கேப்போம். பதில் வரட்டும்."

"அது வர்ற வரைக்கும் ஊசிய நிறுத்தி வெக்கலாமா சார்?" என்றார் சிஸ்டர்.

"டாக்டர் எழுதினத நாம எப்படிம்மா நிறுத்துறது? முறைன்னு ஒன்னு இருக்குல்ல?"

"வெள்ளிக்கிழம டாக்டர்கிட்ட நானே சொல்றேன் சார்."

"என்னன்னு சொல்லுவீங்க? ஊசி அவிக்கிற பையன் சொன்னான்னா? எழுத்துல வரட்டும். நானே டாக்டர் பார்வைக்கு வெக்கிறேன்."

படிவம் மூன்று பிரதி. மருத்துவ அதிகாரி கையெழுத்து வேண்டும். அது வெள்ளிக்கிழமை; மற்றத் தாள்களோடு கட்டாக நீட்டினால் டாக்டர் படிக்காமல் போட்டுவிடுவார். தபால் சனிக்கிழமை. முப்பத்தேழு கிலோமீட்டர் தூரத்துக்கு இத்தனை ஏற்பாடு. பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்.

அந்தச் சனிக்கிழமையே லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். என்னிடம் இருந்த தைரியம் அவ்வளவுதான். பேசத்தான் வராது, பஸ் ஏற வரும்.

திண்டிவனத்தில் கார்டு எழுதும் கிளார்க் வரதன் எனக்குப் பழக்கமானவர்.

"விலகியவர் பொட்டியா? அத்த எதுக்குக் கேக்குற? அட்டை வெளிய போனா என் வேலை போயிடும்பா."

"வெளிய வேணாண்ணே. பாத்துக்கிட்டா போதும்."

"உனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே, பாத்து இன்னா பண்ணுவ?" என்று சிரித்தார். பிறகு அலமாரியின் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு, "நான் டீ குடிக்கப் போறேன். நான் ஒன்னும் பாக்கல" என்று எழுந்து போனார்.

அவர் டீ குடித்த நேரத்தில் நான் அஞ்சலையின் அட்டையைப் பார்த்து எழுதினேன். எழுதினேன் என்பதைவிட வரைந்தேன் என்பது சரி. மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. ஒவ்வொரு எழுத்தையும் கோலம் போடுவது போலப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். சிவப்புக் கோடுகளை மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் எழுபத்தொன்று.

திங்கட்கிழமை காலை அந்தத் தாளைத் தணிகாசலம் சாரின் மேஜையில் வைத்தேன். அன்றைக்கு அஞ்சலைக்கு இருபத்துமூன்று முடிந்திருந்தது. சார் அடிக்கோலால் தாளைத் தன் பக்கம் திருப்பினார். படித்தார்.

"இதுல கையெழுத்து இல்லியே?"

"நான்தான் சார் எழுதினேன்."

"அதான் கேக்குறேன். நீ எழுதுனா அது ஆவணம் ஆயிடுமா?" குரல் உயரவே இல்லை. "இன்னொன்னு யோசிச்சியா? ஒரு பொம்பளையோட வியாதி விவரத்த இப்படிக் காயிதத்துல எடுத்துக்கினு பஸ்ஸுல வர்றியே. வழியில உழுந்து யாராச்சும் எடுத்துப் படிச்சா அந்தம்மா மானம் இன்னா ஆவறது? நோயாளி விவரம் ரகசியம்பா."

எனக்கு ஒரு நிமிடம் நான்தான் தப்புச் செய்துவிட்டேனோ என்று இருந்தது. அப்படிப் பேசத் தெரிந்தவர் அவர். இப்போது யோசித்தால் கொதிக்கிறது. அஞ்சலையின் மானத்தை வரிசையில் நிற்க வைத்து, வியாதியின் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டபோது ரகசியம் எங்கே போனது? மருந்து கொடுக்கும் டாக்டருக்குத் தெரியாமல் ஒளிப்பதற்குப் பெயரா ரகசியம்? ரகசியம் நோயாளியைக் காப்பாற்ற இருக்கிறது. அவர் காப்பாற்றியது தன் கணக்கை.

தாளை அடிக்கோலால் என் பக்கம் தள்ளினார். "பத்திரமா வெச்சுக்கோ. பதில் வரட்டும்."

மறுநாள் செவ்வாய். டாக்டர் அறை வாசலில் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நேராக அவரிடமே கொடுத்துவிடுவது என்று முடிவு. டாக்டர் நிமிர்ந்து, "என்னப்பா?" என்றார். அறுபது நோயாளிகளும் திரும்பிப் பார்த்தது போல இருந்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்ற தணிகாசலம் சார், "ஒன்னுமில்ல சார், ஸ்பிரிட் தீந்துபோச்சு, அதக் கேக்க நிக்கிறான்" என்றார். டாக்டர் அடுத்த அட்டையைப் பிரித்தார். நான் ஸ்பிரிட் எடுக்கப் போனேன்.

சிஸ்டரும் வெள்ளிக்கிழமை டாக்டரிடம் சொல்ல முயன்றார். அந்த வெள்ளி டாக்டர் விடுப்பு. அடுத்த இரண்டு வாரமும் வேறொரு டாக்டர் வந்தார். அவர் பழைய டாக்டர் எழுதியதை மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஒருநாள் நான் கேட்டேன்: "சிஸ்டர், ஊசி போட்ட மாதிரி வெறும் தண்ணியப் போட்டுடலாமா?"

"போட்டுட்டு? அட்டையில சிவப்புக் கோடு போடுறதா?" என்றார். "இல்லாத ஊசிய இருக்குன்னு எழுதுனா, நாளைக்கு இந்த அட்டையப் பாக்குற டாக்டரு அத்த நம்புவாரு. அங்க ஒரு பொய் அட்டை, இங்க ஒரு பொய் அட்டையா? நான் மாட்டேன்ப்பா." சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்த ஆள் போனதும், "அந்தம்மாகிட்டயே சொல்லிடு, வர வேணாம்னு" என்றார்.

சொன்னேன். குழாயடியில் நின்று சொன்னேன். அஞ்சலை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதிதான் கேட்டது. "வர்லன்னா சிவப்பு மையில எழுதிடுவாங்களே அண்ணே. அப்புறம் மாத்திரையும் தர மாட்டாங்க. ரத்தம் வந்து சாவறதுக்குக் காது போனாப் பரவாயில்ல" என்றார். அவர் சொன்னது நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஊசிக்கும் மாத்திரைக்கும் ஒரே அட்டை.

திண்டிவனத்திலிருந்து பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. முத்திரையும் கையெழுத்தும் இருந்தன. 'மேற்படி நபர் 71 ஊசிகள் பெற்றபின் விலகியவர்.' நான் எண்ணிய அதே எழுபத்தொன்று. தணிகாசலம் சார் அதை ஒரு கோப்பில் வைத்து டாக்டர் பார்வைக்கு வைத்தார். எங்கள் பழைய டாக்டர்தான் வந்திருந்தார். படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"நிறுத்துங்க! இன்னைக்கே நிறுத்துங்க. இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"இன்னைக்குத்தான் சார் தபால் வந்துது" என்றார் தணிகாசலம் சார். அது உண்மைதான்.

அன்றைக்கு நாற்பத்தொன்று ஆகியிருந்தது. நான் தாளைக் கொடுத்த பிறகு பதினெட்டு ஊசி. தொண்ணூறு என்று எழுதிய உடம்பில் நூற்றுப் பன்னிரண்டு. அந்தப் பதினெட்டு இல்லாமல் இருந்தால் காது பிழைத்திருக்குமா என்று சிஸ்டர் டாக்டரிடம் கேட்டார். "சொல்ல முடியாதும்மா. பிழைச்சிருக்கலாம்" என்றார் டாக்டர். அந்தப் 'பிழைத்திருக்கலாம்' எனக்கு இன்றுவரை முள்ளாகக் குத்துகிறது.

காது திரும்பி வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இருந்ததும் போனது. நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் போகும்போது பார்ப்பேன். முன்பெல்லாம் பஸ் ஜன்னலிலிருந்து, "ஏ மல்லாட்டை!" என்று ஒரு குரல் வந்தால் கூடையோடு ஓடுவார் என்று அவருடைய நாத்தனார் சொன்னார். இப்போது ஓடவில்லை. ஒருநாள் பின்னால் எடுத்த பஸ் அவர் மேல் ஏறப் பார்த்தது. நாத்தனார்தான் சேலையைப் பிடித்து இழுத்தார். அதிலிருந்து சுவரோரம் ஒரே இடத்தில் கூடையை வைத்து உட்கார்ந்துகொண்டார். வரிசையையே சிரிக்க வைத்த பேச்சும் குறைந்துவிட்டது. தன் குரல் தனக்கே கேட்காதபோது எவ்வளவு நேரம் பேச முடியும்?

ஆனால் மாத்திரையை ஒருநாள் விடவில்லை. ஒன்றரை வருடம் வந்தார். கடைசிப் பரிசோதனையில் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. தணிகாசலம் சார் அன்று சந்தோஷமாக இருந்தார். அடிக்கோலை வைத்து அட்டையின் குறுக்கே கோடு இழுத்து, 'குணமடைந்தவர்' என்று அழகாக எழுதினார்.

"பாத்தியா ஏழுமலை, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது." அஞ்சலையைப் பார்த்து, "இனிமே நீங்க வர வேணாம்மா" என்றார்.

அஞ்சலை அவர் வாயைப் பார்த்தார். சார் மறுபடியும் சொன்னார். அஞ்சலை என் பக்கம் திரும்பினார். நான் கையை ஆட்டி, வர வேண்டாம், முடிந்தது என்று காட்டினேன்.

"முடிஞ்சுதா? அத்தக் கையாலயே சொல்லலாமே அண்ணே. இவரு எதுக்கு மீனு மாதிரி வாயத் தொறந்து மூடிக்கினு கீறாரு?"

சிஸ்டர் சிரித்தார். சாரும் சிரித்தார். சிரிப்பு முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அட்டை மேஜை மேலேயே இருந்தது.

நான் அதைப் பிரித்துப் பார்த்தேன். நாற்பத்தொரு சிவப்புக் கோடு. 'குணமடைந்தவர்'. கீழே 'குறிப்பு' என்று போட்டு நாலு வரி இடம் காலியாக இருந்தது. இந்த அட்டையை நாளை யார் எடுத்துப் பார்த்தாலும், ஒரு பெண்ணுக்கு வியாதி வந்தது, மருந்து கொடுத்தோம், சரியாகிப் போனார் என்றுதான் படிப்பார்கள். அவருடைய காது இரண்டு அட்டைக்கும் நடுவில் விழுந்து காணாமல் போயிருந்தது.

சிஸ்டரின் சிவப்புப் பேனாவை எடுத்தேன். அந்த வேலையில் நான் அதுவரை ஒரு அட்டையிலும் ஒரு புள்ளி வைத்ததில்லை. தமிழில் எழுதினேன்: 'திண்டிவனத்தில் 71 ஊசி. இங்கே 41 ஊசி. மொத்தம் 112. இந்த அம்மாவுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை.' கீழே என் பெயரை எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. உதவியாளர் வேலையில் இருக்கும் நீ யார் அனுமதியின் பேரில் நோயாளியின் ஆவணத்தில் எழுதினாய், நீ எழுதியது உண்மை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தணிகாசலம் சார் மென்மையாகச் சொன்னார்.

இரவு முழுக்க யோசிக்கவெல்லாம் இல்லை. அங்கேயே நின்று, அவர் மேஜையிலேயே ஒரு தாள் வாங்கி எழுதிக் கொடுத்தேன்:

'ஐயா, அட்டையில் எழுதியது நான்தான். யாரையும் கேட்டு எழுதவில்லை. எழுதியது பொய் என்று நினைத்தால், அந்த அம்மா விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் சுவரோரம் மல்லாட்டைக் கூடையோடு உட்கார்ந்திருப்பார். பெயர் அஞ்சலை. பின்னால் நின்று கூப்பிட்டுப் பாருங்கள்.'